தியான் சந்த்: அளவுகோலாகி நின்ற ஆட்டக்காரர்

ஒரு துறையில் ஒருவர் உச்சியைத் தொட்டுவிட்டால், அவருக்குப் பின் வருவோர் அனைவரும் அவரைக் கொண்டே அளக்கப்படுவது உலக வழக்கம். கணக்கில் சற்றே கூர்மை காட்டும் சிறுவனை இன்னொரு இராமானுஜன் என்கிறோம். ரக்பி ஆட்டத்தில், களத்தின் ஓரமாகப் பந்தை அணைத்துக்கொண்டு பாய்ந்தோடும் வாட்டசாட்டமான இளைஞன் எவனைக் கண்டாலும், அடுத்த ஜோனா லோமு இவன்தானோ என்று நியூசிலாந்து மக்கள் கேட்கிறார்கள். 1995 ஆம் ஆண்டு உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு முறை எல்லைக்கோட்டைக் கடந்து பந்தை ஊன்றிய லோமு, 2015 இல் தமது நாற்பதாம் வயதில் மறைந்தார். அவருடன் அந்தக் கேள்வி மறைந்துவிடவில்லை. இந்தியாவில் ஹாக்கி மட்டையைக் கையிலெடுத்த இளைஞர்களுக்கு இவ்வாறு வாய்த்த பெயர் தியான் சந்த்.

ஃப்ரீமான்ட் நகரில் வளரும் நம் குழந்தைகளுக்கு ஹாக்கி என்றவுடன் பனித்தரையில் சறுக்கி ஆடும் ஆட்டமே மனக்கண்ணில் தோன்றும். புல்தரையில் ஆடும் ஹாக்கியை இந்நாட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பெரும்பாலும் பெண்களே ஆடுகிறார்கள். நமக்கு அருகிலுள்ள ஸ்டான்ஃபோர்டிலும் பெர்க்லியிலும் அவ்வாட்டத்துக்கு மகளிர் அணிகள் உண்டு. தமிழில் அதற்கு வளைகோல் பந்தாட்டம் என்று பெயர். கையில் பிடிப்பதும் கோல், அடிப்பதும் கோல் என்று அமைந்துவிட்டது நம் மொழி செய்த குறும்பு. பெற்றோரில் பலர் தியான் சந்தின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஆயினும் அவர் வாழ்க்கையை முழுமையாக அறிந்தவர் சிலரே. மாணவ மாணவியரை முன்னிறுத்தி அதை இங்கே எழுத முற்படுகிறோம்.

1905 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தவர் தியான் சிங். தந்தையார் ஆங்கிலேய இந்திய இராணுவத்தில் பணியாற்றியவர். அவரும் ஹாக்கி ஆடியவரே. படைவீரர் குடும்பமாதலால் அடிக்கடி ஊர் மாற வேண்டியிருந்தது. அதனால் பிள்ளையின் படிப்பு ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீளவில்லை. இறுதியில் அக்குடும்பம் ஜான்சியில் நிலைகொண்டது. இராணி இலட்சுமிபாயின் ஜான்சி பிற்காலத்தில் தியான் சந்தின் ஜான்சி என்றும் அறியப்படலாயிற்று.

பிறவி மேதைகளைப் பற்றி நாம் கேட்டுப் பழகிய கதைகளுக்கு மாறாக, சிறுவயதில் அவருக்கு ஹாக்கியில் எவ்விதப் பற்றும் இருந்ததாகத் தெரியவில்லை. மற்போரில்தான் விருப்பம். 1922 இல், பதினேழாம் வயதில், சாதாரணச் சிப்பாயாக இராணுவத்தில் சேர்ந்த பின்னரே ஒழுங்காக மட்டையைப் பிடித்தார். அவருடைய படைப்பிரிவில் இருந்த சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவரே முதல் ஆசான். ஐந்து வயதில் ஒன்றைத் தொடங்காவிட்டால் காலம் கடந்துவிட்டதென்று கவலைப்படும் பெற்றோர் நம்மிடையே உளர். பதினேழில் தொடங்கியவர் இருபத்திரண்டில் உலகம் வென்றார் என்பதை அவர்கள் கவனிக்கலாம்.

பகலில் படைக்கடமைகள் இருந்தமையால் இரவில்தான் பயிற்சி. அக்காலத்தில் மைதானங்களில் மின்விளக்கு ஏது? நிலவு எழும்வரை காத்திருந்து, அதன் ஒளியில் பந்தை உருட்டிப் பழகுவாராம். அதனாலேயே தோழர்கள் சிங் என்பதை நீக்கிச் சந்திரனைக் குறிக்கும் சந்த் என்ற சொல்லை அவர் பெயருடன் சேர்த்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி.

1926 இல் இந்திய இராணுவ அணி நியூசிலாந்து சென்றது. ஆடிய 21 ஆட்டங்களில் 18 இல் வெற்றி, இரண்டு சமநிலை, ஒன்றே தோல்வி. அணியின் நடு முன்வரிசையில், சென்டர் ஃபார்வர்ட் என்று சொல்லப்படும் இடத்தில் ஆடிய இளஞ்சிப்பாய் அங்கே பெயர் பெற்றார். திரும்பி வந்ததும் அவருக்குக் கிடைத்தது லான்ஸ் நாயக் என்னும் சிறு பதவி உயர்வு.

இரண்டாண்டுகள் கழித்து ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். இந்தியா ஹாக்கிக்கு ஓர் அணியை ஒலிம்பிக்குக்கு அனுப்பியது அதுவே முதன்முறை. சோட்டா நாக்பூரின் முண்டா பழங்குடியில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஜெய்பால் சிங் தலைவர். பம்பாயில் கப்பலேறியபோது வழியனுப்ப வந்தவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம் என்பார்கள். ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளை வென்று, 1928 மே 26 ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 3–0 என்று வீழ்த்தியது இந்தியா. ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள். அவற்றுள் 14 தியான் சந்த் அடித்தவை. எதிரணிகளுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. கோல் காவலர் ரிச்சர்ட் ஆலனைத் தாண்டி ஒரு பந்தும் செல்லவில்லை. அணி பம்பாய் திரும்பியபோது துறைமுகத்தில் பெருங்கூட்டம் திரண்டிருந்தது.

அடுத்த ஒலிம்பிக் நம் மாநிலத்தில், 1932 இல், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்தது. அதற்கு முன் ஒரு சிறு இடையூறு. வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொருட்டு இந்தியாவில் மாகாணங்களுக்கிடையே போட்டி நடந்தது. அதில் பங்கேற்க இராணுவம் தியான் சந்துக்கு விடுப்புத் தரவில்லை. ஏனைய வீரர்கள் எல்லாரும் ஆடிக்காட்டித் தேர்வு பெற, அவர் ஒருவர் மட்டும் ஆடாமலேயே தேர்வானார். ஆடிக்காட்டித் தேர்வு பெற்றவர்களுள் ஒருவர், இடப்புற உள்முன் ஆட்டக்காரரான அவருடைய தம்பி ரூப் சிங்.

உலகமே பொருளாதார வீழ்ச்சியில் தவித்த காலம் அது. அட்லாண்டிக் கடலைக் கடந்து கலிபோர்னியாவுக்கு வர வழியும் பொருளும் இல்லாமல் ஐரோப்பிய அணிகள் ஒதுங்கிவிட்டன. போட்டியிட்டவை மூன்றே நாடுகள்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. ஆகஸ்ட் 4 அன்று ஜப்பானை 11–1 என்று வென்ற இந்தியா, ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்காவை 24–1 என்று வென்றது. அச்சுப் பிழையன்று, இருபத்து நான்குதான். அமெரிக்காவுக்குக் கிடைத்த அந்த ஒற்றைக் கோலும், நம் கோல் காவலர் தம் இடத்தை விட்டு விலகி இரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த வேளையில் விழுந்தது என்றொரு கதை உண்டு. எவ்வளவு உண்மையோ அறியோம். ஆனால் அந்த ஆட்டத்தின் போக்குக்கு அது பொருந்தியே இருக்கிறது.

அந்த 24 இல் ரூப் சிங் அடித்தவை 10, அண்ணன் அடித்தவை 8. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தால் தம்பிக்கு 13, அண்ணனுக்கு 12. தியான் சந்த் உலகப்புகழின் நடுவில் நின்ற ஆண்டிலேயே, அவருடைய வீட்டிலிருந்து வந்த இளையவர் அவரை ஒரு கோலால் முந்திவிட்டார். ஆயினும் இன்று பள்ளிப் பாடநூல்களில் இருப்பவர் யார்? ரூப் சிங்கின் பெயரைத் தாங்கிய விளையாட்டரங்கம் குவாலியரில் இருக்கிறது. 2010 இல் சச்சின் தெண்டுல்கர் ஒருநாள் ஆட்டத்தில் இருநூறு ஓட்டங்கள் எடுத்தது அங்கேதான். அன்று தொலைக்காட்சியில் அரங்கின் பெயரைக் கேட்டவர்களில் எத்தனை பேர் அது யாருடைய பெயர் என்று கேட்டிருப்பார்கள் என்று நாம் நினைப்பதுண்டு.

அப்படியானால் தியான் சந்தின் பெருமை கோல் கணக்கில் அடங்குவதன்று. அவர் ஆட்டத்தைக் கண்டவர்கள் கூறிய செய்திகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பந்து அவர் மட்டையில் ஒட்டிக்கொண்டது போல் இருந்தது என்று வியந்தவர்கள் பலர். அவருடன் ஆடியவர்கள் சொன்னதோ வேறு. களத்தில் யார் எங்கே நிற்கிறார், அடுத்த நொடியில் எங்கே இருப்பார் என்பதைச் சதுரங்க ஆட்டக்காரர் போல் அவர் முன்னமே கண்டார் என்றார்கள். தேவையில்லாமல் பந்தைத் தம்மிடம் வைத்துக்கொள்ளமாட்டார். தமக்கு வழி அடைபட்டால் அக்கணமே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்.

இதற்குச் சான்று அவரே தந்திருக்கிறார். தம் வாழ்நாளில் ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் எது என்ற கேள்விக்கு அவர் காட்டியது ஒலிம்பிக் இறுதி ஆட்டங்களை அல்ல. 1933 ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பையின் இறுதி ஆட்டத்தை. ஒருபுறம் உள்ளூரின் வலிமை மிக்க கல்கத்தா சுங்கத்துறை அணி. மறுபுறம் அவருடைய ஜான்சி ஹீரோஸ் என்னும் சிறு ஊர் அணி. சுங்கத்துறையினர் ஓயாது தாக்கிக்கொண்டிருந்த வேளையில், களத்தின் நடுவிலிருந்து தியான் சந்த் ஒரு நீண்ட பந்தை முன்னே செலுத்தினார். இஸ்மாயில் என்ற தோழர் பாதிக் களத்தை மின்னலென ஓடிக் கடந்து அதைக் கோலாக்கினார். 1–0. கோப்பை ஜான்சிக்கு. ஆயிரக்கணக்கான கோல்களை அடித்தவர் தம் சிறந்த ஆட்டமென்று நினைவில் வைத்திருந்தது, தாம் கோல் அடிக்காத ஓர் ஆட்டத்தை. இளைஞர்களை அவருடன் ஒப்பிடும்போது கோல்களை மட்டும் எண்ணுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்ததில்லை போலும்.

1935 இல் அவர் தலைமையில் இந்திய அணி நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றது. 48 ஆட்டங்களில் 584 கோல்கள். அவர் ஆடிய 43 ஆட்டங்களில் அவருடையவை மட்டும் 201. அடிலெய்டில் கிரிக்கெட் மேதை டான் பிராட்மனைச் சந்தித்ததும் அப்பயணத்தில்தான். தமிழராகிய நாம் அப்பயணத்தை நினைவில் கொள்ள வேறொரு காரணமும் உண்டு. அவ்வணியில் சென்னையைச் சேர்ந்த எம். ஜே. கோபாலனும் இருந்தார். அவர் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர்; 1934 இல் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர். 1936 இல் அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக்குக்கான ஹாக்கி அணி. மற்றொன்று இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணி. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஹாக்கி அணியோ தங்கத்துடன் திரும்பியது.

அந்தப் பெர்லின் பயணத்துக்குத் தியான் சந்தே தலைவர். தொடக்கம் நன்றாக இல்லை. ஜூலை 17 அன்று நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி 4–1 என்று இந்தியாவை வென்றுவிட்டது. தலைவர் நிலைகுலைந்தார், அந்தத் தோல்வி இரவில் உறங்கவிடவில்லை என்று பின்னாளில் எழுதினார். தாரா என்னும் வீரரை உடனே அனுப்புமாறு இந்தியாவுக்குத் தந்தி பறந்தது. பின்னர் ஹங்கேரி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ் என்று ஒவ்வோர் அணியாக, ஒரு கோலும் வாங்காமல் வென்று இறுதியாட்டத்துக்கு வந்தனர். எதிரே மீண்டும் ஜெர்மனி.

மழையால் ஒருநாள் தள்ளிப்போன அவ்வாட்டம் ஆகஸ்ட் 15 அன்று நடந்தது. களத்தில் இறங்குமுன் உடைமாற்றும் அறையில், அணியுடன் சென்றிருந்த பங்கஜ் குப்தா, காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்துக் காட்டினார். ஆங்கிலேய ஆட்சியின் கொடிக்குக் கீழ் அணிவகுத்து வந்தவர்கள், சுவர்களுக்குள் அந்தக் கொடியை வணங்கிவிட்டு வெளியே சென்றார்கள். அவர்களுள் இந்துக்களும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர், ஆங்கிலோ இந்தியரும் இருந்தனர். அதே ஆகஸ்ட் 15 பதினொரு ஆண்டுகளுக்குப் பின் எந்த நாளாகப் போகிறது என்பதை அன்று யாரும் அறிந்திலர்.

முதற்பாதியில் ஒரே கோல். ஈரத் தரையில் கால் வழுக்கியது. இரண்டாம் பாதியில் தியான் சந்த் காலணிகளைக் கழற்றிவிட்டு ஆடினார். ஜெர்மன் கோல் காவலருடன் மோதியதில் பல் ஒன்று போயிற்று என்றும், முதலுதவிக்குப் பின் திரும்பி வந்தவர், பழிதீர்க்கும் விதமாகக் கோல் அடிப்பதை விடுத்துப் பந்தை எப்படி அடக்கியாள்வது என்று காட்டுமாறு தோழர்களைப் பணித்தார் என்றும் சொல்லப்படுகிறது. ஆட்டம் முடிந்தபோது இந்தியா 8, ஜெர்மனி 1. மூன்று ஒலிம்பிக், மூன்று தங்கம்.

இவ்விடத்தில் நாம் சில கதைகளைத் தவிர்க்கிறோம். ஹிட்லர் அவரை அழைத்துப் பெரும்பதவி தருவதாகச் சொன்னார், நெதர்லாந்தில் காந்தம் இருக்கிறதா என்று மட்டையை உடைத்துப் பார்த்தார்கள், வியன்னாவில் நான்கு கைகளுடன் சிலை வைத்தார்கள் என்பன போன்றவை அவை. சுவையான கதைகள்தாம், உறுதியான சான்று உள்ள கதைகள் அல்ல. மாணவர்கள் பேச்சுப்போட்டியில் சொல்ல விரும்பினால் அப்படிச் சொல்வார்கள் என்று சேர்த்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். காலணியின்றி ஈரத் தரையில் ஓடிய மனிதரே நமக்குப் போதுமானவர்.

1940 இலும் 1944 இலும் ஒலிம்பிக் நடக்கவில்லை. உலகப்போர் அவற்றை விழுங்கிவிட்டது. 35 வயதிலும் 39 வயதிலும் அவர் என்ன செய்திருப்பார் என்பது இனி யாராலும் சொல்ல இயலாதது. போருக்குப் பின், 1947 ஆம் ஆண்டு இறுதியில், கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர்கள் ஒரு அணியை அனுப்புமாறு கேட்டார்கள். தியான் சந்த் வராவிட்டால் அணியே வேண்டாம் என்பது அவர்களுடைய நிபந்தனை. நாற்பத்திரண்டு வயதில் அவர் போனார், தம்மில் பாதி வயதுடைய இளைஞர்களுடன் ஓடினார், கோல்களும் அடித்தார். அந்த இளைஞர்களில் முதன்மையானவர் கே. டி. சிங் பாபு. ஒருமுறை தியான் சந்த் பாபுவுக்குப் பந்தைத் தள்ளிவிட்டு, கோலைப் பார்க்காமலேயே திரும்பி நடந்தாராம். ஏன் என்று கேட்டதற்கு, அப்படிப்பட்ட பந்தில் கோல் அடிக்கத் தெரியாதவருக்குத் தம் அணியில் இடமில்லை என்றாராம்.

பாபுவைத்தான் முதலில் இரண்டாம் தியான் சந்த் என்று பேசலானார்கள். பந்தைக் கடத்திச் செல்லும் திறனில் பாபு வல்லவர். 1952 இல் ஹெல்சிங்கியில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவர். அதே போட்டியின் இறுதியில் ஐந்து கோல்கள் அடித்த பல்பீர் சிங்கும் அந்த ஒப்பீட்டுக்குத் தப்பவில்லை. பின்னர் வாரணாசியின் முகமது ஷாகித். 1980 இல் மாஸ்கோவில் தமிழரான பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்ற அணியில் மின்னியவர். அதன் பின், புனே அருகே கட்கியில் எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, உடைந்த மட்டைகளைக் கட்டி ஆடிப் பழகி, நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடிய தன்ராஜ் பிள்ளை. இவர்களுள் ஒருவர்கூட தியான் சந்தைப் போல் ஆடியவர் அல்லர் என்பதே நம் கருத்து. பல்பீர் கோல் வளையத்தில் வாய்ப்புக்குக் காத்திருந்து முடித்தவர். ஷாகித் மூன்று பேரைத் தாமே ஏய்த்துப் போக விரும்பியவர். தன்ராஜ் வேகமும் வேட்கையும் கொண்டு தரையை அளந்தவர். ஒவ்வொருவரிடமும் அவர்களுக்கே உரியது ஒன்று இருந்தது. ஒப்பிட்டவர்களின் கண்ணில் பட்டதோ குறைந்தது எவ்வளவு என்பது மட்டுமே.

அந்த ஒப்பீட்டின் பாரத்தை மிக அருகிலிருந்து சுமந்தவர் மகன் அசோக் குமார். மகன்கள் ஹாக்கிக்கு வருவதைத் தந்தை விரும்பவில்லை என்பார்கள்; அதில் சோறு கிடைக்காது என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? மகன் கேட்கவில்லை. 1975 மார்ச் 15 அன்று கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதியில், பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்தவர் அசோக் குமார். 2–1. இந்திய ஆடவர் அணி உலகக் கோப்பையை வென்ற அந்த ஆட்டத்தின் முடிவைத் தந்தை வாழ்ந்திருந்து அறிந்தார்.

1952 இல் தம் வரலாற்றைக் கோல் என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதினார். அந்நூலை வெளியிட்டது நம் சென்னையிலிருந்து வந்த ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம் இதழ். 1956 இல் மேஜராக இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருது வந்தது. பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சிக் கழகத்தில் சில காலம் தலைமைப் பயிற்சியாளர். அதன் பின் ஜான்சி, ஓய்வூதியம், மீன்பிடித்தல், சமையல், கையில் பணமில்லாத நாட்கள். 1976 இல் மான்ட்ரியாலில் முதன்முறையாகச் செயற்கைப் புல்லின் மீது ஒலிம்பிக் ஹாக்கி நடந்தபோது இந்தியா ஏழாவது இடத்தில் நின்றது. அதையும் அவர் பார்த்தார்.

கல்லீரல் புற்றுநோய் கண்டு தில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில் சேர்க்கப்பட்டபோது அவருக்குக் கிடைத்தது பொதுப்பிரிவில் ஒரு படுக்கை. இன்று அவருடைய பிறந்தநாள் தேசிய விளையாட்டு நாள். தலைநகரின் தேசிய விளையாட்டரங்குக்கு 2002 முதல் அவர் பெயர். நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதான கேல் ரத்னாவுக்கு 2021 முதல் அவர் பெயர். அந்தப் பொதுப்பிரிவுப் படுக்கையை நினையாமல் இந்தப் பட்டியலை நம்மால் எழுத இயலவில்லை.

1979 டிசம்பர் 3 ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. உடலை ஜான்சிக்குக் கொண்டு சென்றார்கள். சுடுகாட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. ஜான்சி ஹீரோஸ் மைதானத்தில், அவர் ஆடிய அதே தரையில் எரியூட்டினார்கள். அவருடைய பஞ்சாப் படைப்பிரிவு இராணுவ மரியாதை செலுத்தியது.